பதினாறு வரிசையில் ஒரு குரல்

என் மனைவியின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்ததில் எனக்கும் அது தொற்றிவிட்டது. புற்றுநோய். அறுவை நல்லபடியாக முடிந்தது, ஆள் பிழைத்தாள். கழுத்துக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. இனி அவள் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். வாய் சாப்பிடுவதற்கு மட்டும்.

அவள் நீச்சல் பயிற்சியாளர். எங்கள் பகுதியின் பொது நீச்சல்குளத்தில் காலை ஆறு மணி வகுப்பு பத்தொன்பது வருஷமாக அவளுடையது. கூரை போட்ட குளம் அது. அந்தக் கூரைக்குக் கீழே அவள் "காலை நீட்டு!" என்று ஒரு குரல் கொடுத்தால், தண்ணீரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரும் காலை நீட்டிவிடுவார் என்று சொல்வார்கள். கல்யாணத்தன்று என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, இவ கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவா, மனசுல ஒண்ணும் இருக்காது" என்றார். மனசில் இருப்பதெல்லாம் உடனுக்குடன் வாய்க்கு வந்துவிட்டால் அப்புறம் மனசில் என்ன மிச்சம் இருக்கும்?

நான் எழுத்துரு வரைகிறவன். அதாவது ஃபான்ட். அதிலும் ஒரே ஒரு வகைதான் எனக்குச் சோறு போடுகிறது. பழைய கணினி விளையாட்டுகளில் வருமே, கட்டம் கட்டமாக, ஓரமெல்லாம் படிக்கட்டு வைத்த எழுத்து, அதுதான். அந்தக் காலத்தில் திரையில் புள்ளிகள் குறைவு, வேறு வழியில்லாமல் எழுத்து அப்படி இருந்தது. இப்போது வேறு வழி ஆயிரம் இருந்தும் ஜனங்களுக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது. நான் வரைந்த தமிழ் எழுத்துருவை விளையாட்டு செய்கிறவர்கள் வாங்கினார்கள். ஒரு காப்பிக் கடை அதில் விலைப்பட்டியல் போட்டது. ஒரு டைல்ஸ் ஒட்டுகிறவர் அதைப் பார்த்துக் குளியலறைத் தரையில் வீட்டுக்காரர் பெயரைப் பதித்துவிட்டுப் படம் அனுப்பினார். ஒரு அம்மாள் பேரனுக்குப் பின்னிய ஸ்வெட்டரில், ஒரு தையலுக்கு ஒரு புள்ளி என்று என் 'ழ' முழுசாக உட்கார்ந்திருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு; அந்த ஸ்வெட்டர் படத்தை நான் எத்தனை பேரிடம் காட்டினேன் என்று கேட்காதீர்கள்.

அறுவை முடிந்து நான்காம் மாதம் அவள் வேலைக்குத் திரும்பக் கிளம்பினாள். கழுத்தில் ஒரு மெல்லிய துணி, கையில் ஒரு நோட்டு. கூட நானும் போனேன். குளத்தின் மேலாளர் நல்ல மனிதர். அவர் எழுந்து நின்று வரவேற்றதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கெட்ட சேதி சொல்லப் போகிறவர்கள்தான் அப்படி எழுந்து நிற்பார்கள்.

"அக்கா, நீங்க திரும்பி வந்ததே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனா வகுப்பை எப்படி உங்ககிட்ட குடுக்க? கத்த முடியாது. விசில் ஊத முடியாது. ஆபத்துன்னா நீங்க தண்ணியில குதிக்கவும் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். டிக்கெட் ஜன்னல்ல ஒரு இடம் இருக்கு. சம்பளம் குறையாது."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் போனால் நேரே நுரையீரல்தான். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அது பரவாயில்லை. குளத்தின் எதிரொலியில் கொசு ரீங்காரம்போல ஒன்று கேட்டதே தவிர ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் நோட்டைத் திறந்து எழுதினாள்: 'ஜன்னலில் உட்கார்ந்து செத்துப்போவேன்.' எழுதிவிட்டு அதை அவரிடம் காட்டவில்லை, என்னிடம் காட்டினாள். பிறகு பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "பலகை வெச்சா? பஸ்ல போடுவாங்களே, லைட்டுல எழுத்து ஓடுற பலகை. அதுல சொன்னா?" என்றேன்.

மேலாளர் யோசித்தார். "பழைய மாணவங்களை வெச்சுக் காட்டாதீங்க. அவங்க அக்கா புருவத்தைப் பார்த்தே புரிஞ்சுப்பாங்க. நீச்சலே தெரியாத ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. பத்து நாள். பலகையை மட்டும் பார்த்து அவர் மல்லாந்து மிதந்து பத்துத் தடவை காலை உதைக்கணும். முடிஞ்சா வகுப்பு உங்களோடது."

அவள் மறுபடி நோட்டைத் திறந்தாள். இந்தத் தடவை பெரிய எழுத்தில் எழுதி இருவருக்கும் காட்டினாள்: 'இவர்தான்.'

ஐயோ. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஆழம் தெரிந்தாலும் காலை விட மாட்டேன். நீச்சல் பயிற்சியாளரைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் கரையிலேயே காலம் தள்ளியவன். அவளுடைய அந்தக் குரலாலேயே என்னைத் தண்ணீரில் இறக்க முடிந்ததில்லை. ஆனால் கைப்பைக்குள் கிடக்கும் அந்தச் சுருட்டிய தாள் எனக்குத் தெரியும். "சரி" என்றேன்.

பலகைக்கு என் மச்சினன் இருக்கிறான், அவளுடைய தம்பி. மருந்துக்கடை, கண்ணாடிக்கடை வாசல்களில் சிவப்பு வெளிச்சத்தில் எழுத்து ஓடும் பலகைகளைப் பொருத்துகிறவன். ஒரு கடை மாற்றிப் போட்ட பழைய பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் சாய்த்து வைத்தான். ஆள் நீளம். மேலிருந்து கீழே பதினாறு வரிசை, குறுக்கே தொண்ணூற்றாறு விளக்கு.

"மாமா, இதுல இருக்கிற தமிழ் எழுத்து சகிக்காது. பத்து வார்த்தையை நீங்க வரைஞ்சு குடுங்க, நான் பத்துப் பொத்தான்ல ஏத்திடறேன். அக்கா இடுப்புல மாட்டிக்கட்டும். மத்த எழுத்தெல்லாம் முழுசா வரைஞ்சா போன்ல தட்டினா ஓடும்."

ஏழு வருஷமாகப் புள்ளி வரைந்து பிழைக்கிறேன். நிஜமான புள்ளியை அன்றுதான் பார்த்தேன். என் கணினியில் ஒரு 'புள்ளி' என்பது நூறு நுண்புள்ளி சேர்ந்த நடிப்பு. இங்கே புள்ளி என்றால் ஒரு விளக்கு. எரியும், இல்லாவிட்டால் எரியாது. பேரம் கிடையாது. தமிழ் எழுத்துக்கோ மேலேயும் இடம் வேண்டும், கீழேயும் இடம் வேண்டும். 'வி'யின் கொக்கி மேலே போகும், 'மூ'வின் வால் கீழே தொங்கும். மேலே நான்கு வரிசை, நடுவில் எட்டு, கீழே நான்கு என்று பங்கு போட்டேன். 'ணை' மட்டும் வருகிறவர் போகிறவர் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

வார்த்தைகளை அவள் கொடுத்தாள். கை, கால், தலை, மூச்சு, விடு, நில், மெதுவா, திரும்பு, நேரே, மேலே பார். முதல் தடவை வரைந்ததை ஓடவிட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. மெல்லிய கோடு, அடக்கமான வளைவு. அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள்: 'யோவ், இது யாரு? புதுசா வேலைக்கு வந்த ரிசப்ஷன் பொண்ணா? நான் இப்படியா பேசுவேன்?'

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா பேசினா பக்கத்து வீட்டுக்காரன் விசில்னு நெனச்சுக் குக்கரை இறக்குவான், மாமா. கொஞ்சம் கெட்டியா போடுங்க."

போட்டேன். கோட்டின் கனத்தை இரட்டிப்பாக்கினேன், மூன்று மடங்காக்கினேன். எழுத்தின் மூலைகளை வெட்டிக் கூராக்கினேன். 'நில்' என்ற வார்த்தை பலகையின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு, கூடமே சிவக்க எரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தெருவில் போன ஒருவர் நிஜமாகவே நின்றார். அவள் கையைத் தட்டினாள். ஓசையில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மச்சினனை எதற்கோ திட்டினேன்.

மறுநாள் குளத்தின் பக்கச் சுவரில் பலகையை மாட்டினோம். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன், பளிச்சென்று தெரிந்தது. படியில் உட்கார்ந்து பார்த்தேன், பளிச். பிறகு உடை மாற்றிக்கொண்டு, உயிர்காப்பாளர் கையைப் பிடித்தபடி, மார்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். அவரை அங்கே எல்லோரும் 'வாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். குளிரில் பல் தந்தி அடித்தது. "சார், கண்ணாடியைக் குடுங்க, தண்ணியில விழுந்துடும்" என்று வாத்து என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். சுவரில் ஒரு சிவப்புப் பூசணிக்காய் தெரிந்தது.

அடுத்த பொத்தான். இன்னொரு பூசணிக்காய், சற்று நீளமானது.

"என்ன போட்டிருக்கே?" என்று கத்தினேன். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். கையும் பூசணி, காலும் பூசணி. ஏழு வருஷம் எழுத்து வரைந்தவன், கண்ணாடி போட்டுக்கொண்டு, உலர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையெட்டும் தூரத்தில் பார்த்து வரைந்திருக்கிறேன். நீந்த வருகிறவன் முதலில் செய்வது கண்ணாடியைக் கழற்றுவதுதான் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. பயிற்சியாளரின் புருஷன் வேறு! பத்தொன்பது வருஷமாக அந்தக் குளத்து அலமாரிகளில் வரிசையாக மூக்குக் கண்ணாடிகள் கிடப்பதைப் பார்த்தவன் நான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் நோட்டில் எழுதவில்லை. என் கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மூன்று நாள் மங்கலில்தான் வரைந்தேன். பலகையைக் குளத்துச் சுவரிலிருந்து கழற்றி வந்து கூடத்தின் ஒரு கோடியில் வைத்து, மறு கோடியில் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பது, எழுந்து போய்த் திருத்துவது. அவள் என்னைத் தாண்டித் தாண்டித்தான் அடுப்புக்குப் போனாள்.

அப்போதுதான் புரிந்தது. விளக்குப் புள்ளி தன் இடத்தோடு நிற்காது, வெளிச்சம் பக்கத்து இருட்டையும் தின்னும். கனமான கோடு போட்டால் எழுத்துக்குள் இருக்கும் ஓட்டையெல்லாம் அடைபட்டுப்போகும். ஒரு எழுத்தை எழுத்தாகக் காட்டுவது அந்த ஓட்டைதான். சத்தம் போடுவதற்காக நான் விளக்கு விளக்காக ஏற்றியிருந்தேன்; செய்ய வேண்டியது விளக்கை அணைப்பது. அந்தப் பத்து வார்த்தையில் மட்டுமல்ல, மொத்த எழுத்திலும் கோட்டை ஒற்றைப் புள்ளிக்கு இறக்கினேன். 'கை'யின் வயிற்றைத் திறந்துவிட்டேன். 'ல்'லின் புள்ளியை எழுத்தின் தலையில் உட்காரவிடாமல் இரண்டு வரிசை மேலே தூக்கினேன். வார்த்தைக்கு வார்த்தை உருவமே வேறாக இருக்கும்படி ஒன்றை அகட்டி, ஒன்றைக் குறுக்கினேன். படிக்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். அழகு போயிற்று. மற்ற நேரமாக இருந்தால் அந்த எழுத்தை என் பெயரில் வெளியே விட மாட்டேன்.

ஐந்தாம் நாள் தண்ணீரில் நின்று பார்த்தபோது, சுவரில் 'மூச்சு' என்று இருந்தது. கண்ணாடி இல்லாமல் படித்தேன். "மூச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் வாத்து பயந்து ஓடி வந்தார்.

அதற்கப்புறம் எழுத்தில் குறையில்லை, குறையெல்லாம் என்னிடம்தான். அவள் 'விடு' என்று போடுவாள், நான் பக்கத்துக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். 'விடு' மூன்று தடவை மின்னும். போனில் தட்டி 'அந்தக் கம்பியையே கட்டிக்கிட்டிருக்கலாமே' என்று ஓடவிடுவாள். பக்கத்துத் தடத்தில் நீந்துகிறவர்கள் நின்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பலகையில் ரகசியம் பேச வழியில்லை. ஏழாம் நாள் கம்பியை விட்டேன். எட்டாம் நாள், 'மேலே பார்' என்றதும் தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தேன். கால் தானாக மேலே வந்தது. மூன்று நொடி. பிறகு மூக்கில் தண்ணீர், இருமல், எல்லாம். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

பத்தாம் நாள் மேலாளர் கரையில் வந்து நின்றார். நான் ஆழம் குறைந்த பக்கத்தில், குளத்தின் குறுக்கே, பலகையைப் பார்த்து நின்றேன். அவள் பலகைக்குக் கீழே, தண்ணீருக்கு ஒரு அடி தள்ளி. முன்பெல்லாம் வகுப்பென்றால் அவள் முட்டி வரையாவது தண்ணீரில் இருப்பாள். இப்போது கழுத்துத் துணியில் ஒரு துளி தெறித்தாலும் பின்வாங்க வேண்டும். அவள் முகம் வெளுத்திருந்தது. பலகையில் 'மேலே பார்' வந்தது.

சாய்ந்தேன். மிதந்தேன். என் பாதங்களுக்கு நேரே பலகை: 'கால்.' உதைத்தேன். உடம்பு தலைப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகம் மொத்தமும் ஓய்ந்துவிட்டது. பத்து உதை என்பது பேச்சு. ஐந்தாவதிலேயே எண்ணுவதை விட்டுவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாகத் தண்ணீர் என்னைத் தூக்கிக்கொண்டிருக்கிறது, அப்போது யாரால் எண்ண முடியும்? கூரையின் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் வேகமாக உதைத்தேன்.

திடீரென்று பாதங்களுக்கு அப்பால் சிவப்பு துடித்தது. விழியைத் தாழ்த்திப் பார்த்தேன். 'நில்.' 'நில்.' 'நில்.'

காலைக் கீழே போட்டு நின்றேன். தலையைத் தூக்கியதும் காதிலிருந்து தண்ணீர் வடிந்தது, அப்புறம்தான் சத்தமெல்லாம் வந்து மோதியது. மேலாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வாத்து விசிலை ஊதியபடி பலகை இருந்த கரையிலிருந்து சுற்றி ஓடி வந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். இரும்பு ஏணியின் முனை என் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மேலாளர் மூச்சு வாங்கக் குனிந்தார். "சார், எத்தனை தடவை கூப்பிட்டேன்! விசில் வேற! கேக்கலையா?"

"ஒண்ணுமே கேக்கல சார். காது தண்ணிக்குள்ள இருந்துச்சு."

"ஒரு சத்தம்கூடவா?"

"ஒண்ணுகூட. பலகையைப் பார்த்துத்தான் நின்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அக்கா, திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்துடுங்க. மத்த பயிற்சியாளர்களுக்கும் இது மாதிரி ஒண்ணு வேணும், உங்க தம்பிகிட்ட சொல்லுங்க" என்றார். வாத்து அங்கேயே நின்று, விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே கைதட்டினார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள், எழுத்து தப்புத் தப்பாக விழ, அழித்து அழித்துத் தட்டினாள். நான் அறுவைக்கூடத்தின் வாசலில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது மச்சினனுக்கு ஒரு வரி அனுப்ப நானும் அப்படித்தான் அழித்து அழித்துத் தட்டினேன். அதை நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் பயப்படுவாள் என்று, வெளியே வந்தவளிடம் "ஒண்ணும் கவலையில்ல, நல்லா தூங்கிட்டேன்" என்று சொன்னவன் நான்.

பலகையில் எழுத்து வலமிருந்து ஓடத் தொடங்கியது. கண்ணாடி இல்லாமல், ஒரு எழுத்து விடாமல் படித்தேன். நான் மட்டுமல்ல, குளத்தில் இருந்த அத்தனை பேரும் படித்தார்கள்.

'உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் தனியா என்னய்யா பண்ணுவேன்'

தண்ணீரில் நின்றபடியே, கூரை எதிரொலிக்கிற மாதிரி கத்தினேன். "நாலு மாசமா எனக்கும் அதே பயம்தான்டி! ஒரு நாள்கூட தூங்கல!"

அவள் போனைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஏணியைப் பிடித்து ஏறி, குளத்தைச் சுற்றி அவளிடம் ஓடினேன். பக்கத்தில் போனதும் கட்டிக்கொள்ள நீட்டிய கைகளை நிறுத்தி, அவள் கழுத்துத் துணியில் தண்ணீர் படாமல் இருக்க, முதலில் ஒரு துண்டை எடுத்து என்னை நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.